புதுப்பிப்பு: ஆன் ஆகாத நாஸ் பெட்டி – கோளாறு அடாப்டரில்தான்

முந்தைய பதிவின் சுருக்கம்: இரண்டு டிஸ்க் போடும் நாஸ் (NAS, நெட்வொர்க்கில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி). பவர் பட்டனை அழுத்தினால் நீல விளக்கு ஒருமுறை மினுக்கி அணைகிறது. அடாப்டரை மல்டிமீட்டரில் பார்த்தால் 12.1 வோல்ட். அதனால் மதர்போர்டு மேல் சந்தேகம்.

அந்த 12.1 வோல்ட்தான் ஏமாற்றியது. சுமை இல்லாமல், அதாவது மின்சாரம் இழுக்கும் எதையும் இணைக்காமல் அளந்தால் செத்த அடாப்டரும் நல்ல பிள்ளை மாதிரி காட்டும். 12 வோல்ட், 21 வாட் கார் பல்பு ஒன்றை (சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும்) அடாப்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைத்ததும் 7 வோல்ட்டுக்குச் சரிந்தது. உள்ளே கெபாசிட்டர்கள் உலர்ந்துபோனால் இப்படித்தான் ஆகும். பல்பு கொதிக்கும், வெறுங்கையால் தொடாதீர்கள்.

3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 2 ஆம்பியர் வரை கேட்கும். இரண்டும் சேர்ந்தால் 4, போர்டுக்குத் தனி. ஆகவே 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் மாற்றியாயிற்று. வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. பின்னின் உள்துளை 2.1 மில்லிமீட்டரா 2.5ஆ, நடுமுனை பாசிட்டிவா என்பதையும் பாருங்கள்.

முதலில் டிஸ்க் இல்லாமல் ஆன் செய்து பார்த்தது. ஆன் ஆனது. பிறகு அணைத்துவிட்டு, ஸ்லாட் எண் மாறாமல் இரண்டையும் செருகியதும் வால்யூம் (டிஸ்க்குகளில் தரவு இருக்கும் பகுதி) அப்படியே வந்தது. 'இனிஷியலைஸ்' கேட்டால் மட்டும் அழுத்திவிடாதீர்கள், தரவு போய்விடும். இப்போது டிஸ்க் ஸ்கேன் ஓடுகிறது.