அவசர வயிற்றுச் சத்திரசிகிச்சை: வைத்தியர் சொன்ன ‘நூற்றுக்கு இருபது’ எதைக் குறிக்கிறது?

மூதூர் மகள்:
என் அப்பாவுக்கு வயது 71; நீரிழிவும் உண்டு. குடற்புண் ஓட்டையானதால் ஆறு நாட்களுக்கு முன் திருகோணமலையில் அவசரமாக வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். வலி தொடங்கிய இரவு வாயு என்று எண்ணி ஓமநீர் கொடுத்துவிட்டு, மறுநாள் பிற்பகல்தான் மூதூரிலிருந்து கொண்டுவந்தோம். கையொப்பம் வாங்கும்போது வைத்தியர், உயிராபத்து நூற்றுக்கு இருபது அளவில் இருக்கும் என்றார். இப்போது அப்பா கஞ்சி குடிக்கிறார். அந்த இருபது எங்கிருந்து வந்தது, அது இன்னும் அவர்மேல் இருக்கிறதா என்பதை அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

பயிற்சி வைத்தியர்:
சகோதரி, அது பெரும்பாலும் ஒரு புள்ளிக் கணக்கிலிருந்து வந்திருக்கும். பரவலாகப் பயன்படும் பி-பொசம் கணிப்பு, வயது, குருதியமுக்கம், நாடித்துடிப்பு, யூரியா போன்ற 12 உடல்நிலை விவரங்களோடு, வயிற்றுக்குள் எவ்வளவு அழுக்குப் பரவியிருந்தது முதலான 6 சத்திரசிகிச்சை விவரங்களையும் சேர்த்துப் பார்க்கிறது. பின்னவை வயிற்றைத் திறந்த பிறகே திட்டமாகத் தெரியும் என்பதால், முன்கூட்டிச் சொல்லப்படுவது ஓர் உத்தேசமே. குடற்புண் ஓட்டைக்கென்று 1987இல் ஹொங்கொங்கில் வகுத்த போயி அளவுகோல், குருதியமுக்கம் சரிந்திருந்ததா, கடும் இணைநோய் உண்டா, ஓட்டையாகி 24 மணித்தியாலம் கடந்ததா என்ற மூன்றை மட்டுமே கேட்கிறது. தாமதம் கணக்கில் வருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த இரவுக்காக நீங்கள் உங்களை வதைத்துக்கொள்ள வேண்டாம், தொடக்க வலியை வாயு என்று எண்ணி வருபவர்கள் பலர்.

அவரைப் போன்ற நிலையில் வந்த நூறு பேரில் இருபது பேர் இறக்கக்கூடும் என்பதே அதன் பொருள். அந்த இருபதில் இவர் ஒருவரா என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. கணக்கு ஆயத்தத்துக்கானது: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இறப்பு அபாயம் 5 சதவீதத்தை எட்டினாலே மூத்த சத்திரசிகிச்சை நிபுணரும் மயக்கமருந்து நிபுணரும் நேரில் நிற்க வேண்டும், பின்னர் நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தாதி:
மகளே, விடுதியில் நெடுங்காலம் நின்றவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பி-பொசம் கேட்காத ஒரு கேள்வி, நோய்க்கு முன் அவர் எப்படி நடமாடினார் என்பது. தளர்ந்து போயிருந்தவருக்கே சிக்கல்கள் அதிகம் வரும். இனி முதல் நாள் எண்ணை விட இன்றைய உடலைப் பாருங்கள். காய்ச்சலுக்கு முன்னரே நாடி விரைவதுண்டு. மூச்சு வேகமாவதும், சிறுநீர் குறைவதும், வயிறு மீண்டும் உப்புவதும், ஆள் குழம்பிப் பேசுவதும் உடனே சொல்ல வேண்டியவை. ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் கட்டு இளஞ்சிவப்பு நீரில் நனைந்தால், மேல் தோல் நன்றாகத் தெரிந்தாலும் உள்தையல் விடுகிறது என்று பொருள்படலாம். ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள்.

மூதூர் மகள்:
இருவருக்கும் நன்றி. அப்பா வலி வந்த அன்று காலை வரை சைக்கிளில் வயலுக்குப் போனவர், அம்மா. நாளை கட்டு மாற்றும்போது நான் அருகில் நின்று பார்க்கிறேன்.