உடனுறை தகவு: கெளுத்தித் தொட்டிக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீட்டு மீன்தொட்டியில் எந்தக் கெளுத்தியை எதனோடு சேர்த்து வளர்க்கலாம் என்று நான் எழுதிவரும் சிறு கையேட்டிற்காக, கடைகளில் 'கம்பேட்டிபிள்' என்று வழங்கும் தன்மைக்கு நம் குழுவில் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். மூத்தவர் ஐயா 'இணக்கம்' என்றார். ஆசிரியை அம்மா 'பொருத்தம்' என்றார். இரண்டும் எளிய சொற்கள்தாம். ஆயினும் ஏற்கத் தயங்குகிறேன்.

'இணக்கம்' என்றதும் மனத்தில் எழுவது சாதுவான குணம். கெளுத்திகளைப் பொறுத்தவரை குணம் பாதிச் செய்திதான். மீதிப் பாதி வாயின் அகலம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில், "யாரையும் தொந்தரவு செய்யாது" என்ற உறுதிமொழியோடு, கரும்புள்ளிகள் கொண்ட பிக்டஸ் கெளுத்திகள் இரண்டை வாங்கி, நியான் டெட்ரா என்னும் சிறுமீன்கள் 12 இருந்த தொட்டியில் விட்டேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவை எதையும் துரத்தவில்லை, துடுப்பைக் கடிக்கவில்லை. விளக்கை அணைத்தபின் விழுங்கின, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் எஞ்சியவை நான்கு. ஏறத்தாழ 12 செ.மீ. வளரும் மீனுக்கு, 3 செ.மீ. மீன் அண்டை வீட்டார் ஆகாது. இரவுச் சாப்பாடுதான் ஆகும். விரல் நீளத்தில் விற்கப்படும் அமேசான் சிவப்புவால் கெளுத்தியோ ஒரு மீட்டரையும் தாண்டி வளர்வது. ஆகவே, இன்றைய அளவை மட்டும் பார்த்து 'இணக்கமானது' என்று எழுதினால், வாங்குபவரை நாமே ஏமாற்றியவர்கள் ஆவோம்.

'பொருத்தம்' இருவருக்கிடையே பார்க்கப்படுவது. தொட்டியிலோ நீர் என்ற மூன்றாவது ஆளும் இருக்கிறது. சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், குளிரூட்டும் கருவி இல்லாத தொட்டியின் நீர் பெரும்பாலும் 28 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். கோரிடோரஸ் கெளுத்திகளில், தென்னமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்றுப் படுகையைச் சேர்ந்த பாலியேட்டஸ் குளிர்ந்த நீரை விரும்புவது; ஸ்டெர்பாய் இந்த வெப்பத்தைத் தாங்கக்கூடியது. இரண்டும் சாதுவானவை, மணலைக் கிளறி உண்பவை, கூட்டமாக வாழ்பவை. சோதிடர் பார்த்தால் பத்துக்குப் பத்தும் பொருந்தும். நம் ஊர்த் தொட்டியில் அவற்றுள் ஒன்று நலியும்.

இடமும் கணக்கில் வரும். பல கெளுத்திகள் தரையைத்தான் நாடுகின்றன. ஆகவே ஆறு கோரிடோரஸ்கள் மேயும் சிறு தொட்டியில் இன்னொரு தரைவாசியைச் சேர்த்தால் உணவுக்கு நெருக்கடி. கண்ணாடிக் கெளுத்தியை அங்கே விடலாம், ஏனெனில் அது நடுநீரில் கூட்டமாக நிற்பது. (கடைகளில் நெடுங்காலம் வேறோர் இனத்தின் பெயரால் விற்கப்பட்ட இம்மீன், கிரிப்டோப்டெரஸ் விட்ரியோலஸ் என்ற தனிப்பெயரைப் பெற்றது 2013இல்தான், பெயரிட்ட இருவரில் ஒருவர் சிங்கப்பூர் ஆய்வாளர் இங் ஹியோக் ஹீ என்பது நமக்கு உவப்பான செய்தி.)

இவற்றையெல்லாம் தாங்க 'உடனுறை தகவு' என்ற தொடரை முன்வைக்கிறேன். 'உடனுறை' கோயில் அழைப்பிதழ்களில் அம்மன் பெயருக்கும் சுவாமி பெயருக்கும் இடையே நாம் அடிக்கடி காணும் சொல். ஓரிடத்தில் சேர்ந்திருப்பதைச் சொல்கிறதே ஒழிய, குணத்தைப் பற்றிப் பேசவில்லை. 'தகவு' உயிரியலில் 'தகவமைப்பு' வழியாக ஏற்கெனவே பழகியது. சூழலையும் உடன் அழைத்து வருவது. தொல்காப்பியத்தில் உள்ளுறை (செய்யுளில் மறைந்து நிற்கும் பொருள்) வகைகளுள் ஒன்றுக்கு 'உடனுறை' என்று பெயர் உண்டே என்று ஐயா கேட்கக்கூடும். துறை வேறாதலால் குழப்பம் நேராது என்று நம்புகிறேன். வினைத்தொகையாகக் கொள்வதால் இடையில் வல்லினம் மிகாது. தொட்டித் தோழர்களை 'உடனுறை மீன்கள்' எனலாம்.

ஒரு பெயருக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. பாசி உண்ணும் பிளெக்கோ மீனை மலாயில் 'ஈக்கான் பண்டாராயா', அதாவது மாநகர மீன், என்பர். நகராட்சி துப்புரவு செய்வதுபோல் தொட்டியைத் துடைக்குமாம். அழகான பெயர், அந்த அழகை நம்பிச் சிறு தொட்டிக்கு வாங்கியவர்கள், அது 30 செ.மீ. கடந்ததும் திகைக்கிறார்கள். நம் நீர்நிலைகளில் இந்தத் தென்னமெரிக்க மீன்கள் இன்று பரவிக் கிடப்பதற்கு, வளர்ப்போர் கொண்டுபோய் விட்டதே காரணம்.

கையேட்டிற்கான வரையறை: "ஒரு குறிப்பிட்ட தொட்டியின் நீரிலும் வெப்பத்திலும் இடத்திலும், முழு வளர்ச்சி அடைந்த பின்னும், ஒன்றையொன்று உண்ணாமலும் ஒடுக்காமலும் மீனினங்கள் சேர்ந்து வாழக்கூடிய நிலை."

எதிர்ச்சொல்தான் இன்னும் இடறுகிறது. 'உடனுறை தகவின்மை' அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. 'ஒவ்வா மீன்' என்று சுருக்கினால், சாப்பிட்டால் ஒவ்வாமை தரும் மீன் என்று எவரும் நினைத்துவிடுவார்களோ? அம்மா தம் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.