மறுமொழி: குரோனோகிராஃப் – 'காலவரைவி'யா, 'கன்னல்' கடிகாரமா?

> அக்கா எழுதியது: குரோனோகிராஃபுக்குக் 'காலவரைவி' என்றே நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

அக்கா, குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. குரோனோகிராஃப் என்பது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த கடிகாரம். அந்தப் பெயரின் கிரேக்க மூலத்தில் 'காலத்தை எழுதுவது' என்ற பொருள் இருப்பது உண்மை. 1821இல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் நிக்கொலா ரியூசெக் வைத்திருந்த கருவி மெய்யாகவே எழுதியது; குதிரை எல்லையைத் தொட்டதும் சுழலும் தட்டில் ஒரு சொட்டு மை விழும். இன்றைய கைக்கடிகாரம் எதை எழுதுகிறது? மேல் பொத்தானை அமுக்கினால் முள் ஓடும், திரும்ப அமுக்கினால் நிற்கும், கீழ்ப் பொத்தான் பூச்சியத்துக்குக் கொண்டுவரும். 1970இல் அப்பல்லோ 13 வீரர்கள் பாதையைத் திருத்த 14 விநாடி எஞ்சினை ஓட்டியபோது இப்படியொரு கைக்கடிகாரத்தில்தான் நேரம் பார்த்தார்கள். முழுக்க முழுக்க அளக்கும் வேலை அது.

காலத்தை எழுதியவர்கள் வேறு. சோழர் கல்வெட்டில் மன்னன் பெயரோடு ஆட்சி 'யாண்டு' பொறித்தவர்கள் எழுதினார்கள். மலேசியாவில் எங்கள் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) யார் வந்தார், யார் வரவில்லை என்று செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) குறித்த கிராணிமாரும் (தோட்ட எழுத்தர்களும்) எழுதினார்கள். 'காலவரைவு' அவர்களுக்கு உரிய சொல். அதைப் பொத்தான் வைத்த கடிகாரத்துக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

முல்லைப்பாட்டைப் பாருங்கள். பாசறையில் இருக்கும் மன்னனுக்குப் பொழுதளந்து சொல்வோர், 'குறுநீர்க் கன்னல்' காட்டும் அளவை அறிவிக்கிறார்கள். சிறிதளவு நீரைக் கொண்டு கழிந்த பொழுதை அளந்த கருவி அது. எங்கள் ஊரில் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்துக் கடிகாரம் இப்போது மணி என்ன என்று காட்டும். கன்னல் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று காட்டும். ஸ்டாப்வாட்சுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஆகவே ஸ்டாப்வாட்ச் 'கன்னல்', குரோனோகிராஃப் 'கன்னல் கடிகாரம்'. மிகத் துல்லியமான கடிகாரமான குரோனோமீட்டருக்குக் 'காலமானி' இருக்கவே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

கன்னல் என்றால் கரும்பும்தானே என்று ஐயா கேட்டிருந்தார். ஆமாம், ஐயா. 'மணி' நவரத்தினத்திலும் இருக்கிறது, கோயிலிலும் தொங்குகிறது, எட்டரை என்றும் காட்டுகிறது, யாரும் குழம்புவதில்லை. 'நிறுத்துக் கடிகாரம்' புழக்கத்தில் உள்ளதுதான், ஆனால் நின்றுபோன கடிகாரம் போல ஒலிக்கிறது. பள்ளி விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்துக்கு நேரம் எடுக்கும் ஆசிரியர் "கன்னலை அமுக்குங்க" என்று சட்டென்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று பாக்கி. சில கன்னல் கடிகாரங்களில் இரண்டு விநாடி முட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். முதலில் வந்தவருக்கு ஒன்றை நிறுத்திப் படித்துவிட்டு விட்டால், அது பாய்ந்து மற்றதோடு சேர்ந்துகொள்ளும். 'இணைமுள்' என்கிறேன். அந்தப் பாய்ச்சலையும் சொல்லும் பெயர் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், பட்டியலை மூடுமுன் சேர்த்துக்கொள்ளலாம்.