டைமென்ஷன்: பரிமாணம் ஒன்றே போதுமா?

அஸ்தம்பட்டி, கணித ஆசிரியர்:
நண்பர்களே, இளங்கலை முதலாண்டுப் பயிற்சி ஏடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. டைமென்ஷன் வந்த இடமெல்லாம் ‘பரிமாணம்’ என்று போட்டேன். மெய்ப்பில் பார்த்தால் இடிக்கிறது. வெக்டர் வெளியின் பரிமாணம் 3 என்கிறோம், அது சார்பற்ற திசைகளின் எண்ணிக்கை. விசையின் பரிமாணம் நிறை × நீளம் × காலம்⁻² என்கிறோம். அது அடுக்குகளின் கோவை. “விசைக்கு எத்தனை பரிமாணம்?” என்று மாணவர் கேட்க நம் சொல்லே வழிவிடுகிறது. இரண்டையும் பிரிக்க ஒரு சொல் வேண்டும்.

ஆத்தூர், தமிழாசிரியர்:
பரிமாணம் வடசொல். தேய்மானம், கட்டுமானம், பெறுமானம் எல்லாம் தமிழ் வினையடியில் பிறந்தவை. அவ்வழியில் ‘பருமானம்’ எனலாம். ‘மானம்’ என்ற இந்த ஈற்றுக்கு வேர், இருபதில் ஒன்றைக் குறிக்கும் பழைய பின்னச்சொல்லான ‘மா’ என்பது என் துணிபு. மாவும் காணியும் சேர்ந்ததுதானே மாகாணி? 1/20-உடன் 1/80 சேர்த்தால் 1/16. அளவுச்சொற்களில் இந்த மா எங்கெல்லாம் கிடக்கிறது என்று தனி மடலே எழுதலாம்.

ஓமலூர், இயற்பியல் ஆசிரியர்:
ஐயா, மாகாணிக் கணக்கு சரி. ஆனால் பருமானம் என்றால் பிள்ளைகள் பருமன் என்று படித்துக் கன அளவை எழுதிவிடுவார்கள். நமக்கு வேண்டியதை அளவையாகுபெயரிலேயே படித்திருக்கிறோம்: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். எடுத்தல் நிறை, நீட்டல் நீளம். முகத்தல், நீளத்தின் மும்மடி. தனி அடிப்படை ஆகாது. எண்ணலுக்கு அடுக்கெல்லாம் சுழி. விசை, இயக்கம் வரையிலான பாடத்துக்குக் காலத்தை மட்டும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே இயற்பியலில் ‘அளவைக் கோவை’.
ஒன்றை மறக்க வேண்டாம். ஆற்றலுக்கும் திருப்புவிசைக்கும் ஒரே கோவைதான்: நிறை × நீளம்² × காலம்⁻². கோவை ஒத்தால் அளக்கப்படும் ராசியும் ஒன்றே என்று ஏட்டில் எழுதிவிடக் கூடாது. கோணத்துக்கு ரேடியன் என்ற அலகு உண்டு, கோவை கிடையாது. எனவே ‘அலகு’ என்று மாற்றுவதும் தவறு.

ஆத்தூர், தமிழாசிரியர்:
அளவை என்றால் பிரமாணம், அதாவது உண்மையை அறியும் வழி. மணிமேகலையின் அளவைவாதியை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?

அம்மாப்பேட்டை, வரைபடப் பயிற்றுநர்:
பட்டறையில் டைமென்ஷன் என்றால் வரைபடத்தில் குறித்த அளவு, அவ்வளவுதான். 1200 × 600 × 6 மி.மீ. தகட்டுக்கு மூன்று அளவுகள். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம்.

அஸ்தம்பட்டி, கணித ஆசிரியர்:
அதை ‘அளவு’ என்றே வைத்துக்கொள்வோம். எனக்குச் சிக்கல் வேறிடத்தில். ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆனாலும் வண்டி நிற்கும் இடத்தைச் சொல்ல, அடிவாரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்ற ஓர் எண் போதும். சாலையின் பரிமாணம் 1. சாலையை விட்டுக் காப்பித் தோட்டச் சரிவில் இறங்கினால் இரண்டு எண்கள் வேண்டும். உயரம் அவற்றாலேயே முடிவாகிவிடும். பாறையைத் துளைத்து உள்ளே போனால்தான் மூன்றாவது. சாலை மேலே ஏறுகிறதே என்று மூன்று எழுதுபவர்கள், சாலை கிடக்கும் வெளியின் எண்ணைச் சாலைக்குக் கொடுக்கிறார்கள். ஆகவே ‘திசையெண்’ என்று வைக்கலாமா? சார்பற்ற திசைகளின் எண்ணிக்கை என்று சொல்லே பொருள் சொல்லும்.

ஓமலூர், இயற்பியல் ஆசிரியர்:
முடிவில்லாமல் மடிந்துகொண்டே போகும் கோக் வளைவில் திசையெண் உடைந்துவிடும், அம்மா. ஒவ்வொரு கோட்டின் இடத்திலும், அதை மூன்றிலொரு பங்காகச் சுருக்கிய நான்கு துண்டு வைக்கிறோம். அதன் பரிமாணம், மடக்கை 4-ஐ மடக்கை 3-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.26. ஒன்றேகால் திசை என்று எப்படிச் சொல்வது? 1918-இல் ஹவுஸ்டோர்ஃப் என்ற கணிதவியலாளர் பரிமாணத்தில் பின்னத்துக்கும் இடம் கொடுத்துவிட்டார். கணிதத்தில் பரிமாணமே நிற்கட்டும். முப்பரிமாணம் எல்லார் வாயிலும் பழகிய சொல்.

அஸ்தம்பட்டி, கணித ஆசிரியர்:
ஒப்புகிறேன், திசையெண்ணை விட்டுவிடுகிறேன். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் ‘பரிமாண வாய்ப்பாடு’ என்று படித்து வந்தவர்களிடம் அளவைக் கோவை என்றால் திகைப்பார்கள். எனவே ஏட்டில் கணிதத்துக்குப் பரிமாணம், இயற்பியலுக்குப் பரிமாண வாய்ப்பாடு. இரண்டாவதில் ‘வாய்ப்பாடு’ ஓரிடத்திலும் விடுபடக் கூடாது. ஐந்து பேர் சரி என்று தனிமடலில் எழுதிவிட்டார்கள்.

ஓமலூர், இயற்பியல் ஆசிரியர்:
அச்சுக்கு அனுப்புங்கள். என் வகுப்புக் குறிப்பில் அளவைக் கோவைதான் இருக்கும்.

ஆத்தூர், தமிழாசிரியர்:
பருமானத்தை அடிக்குறிப்பிலாவது சேருங்கள். ‘மா’ பற்றிய மடல் நாளை வரும்.