மெஷ் வைஃபையில் வயர் சாமான்களையும் சேர்க்க வேண்டும், உதவுங்கள்

வணக்கம் அண்ணாமார், தம்பிமார். கோண்டாவிலில் எங்கள் வீடு பழைய கல்வீடு, சுவரெல்லாம் நல்ல மொத்தம். வைஃபையை வீடு முழுக்கப் பரப்ப, ஒன்றோடொன்று இணைந்து வேலை செய்யும் மெஷ் பெட்டி மூன்று வைத்திருக்கிறோம்: விறாந்தையில் ஃபைபர் ரவுட்டரோடு ஒன்று, நடு அறையில் ஒன்று, பின்வளவு அறையில் ஒன்று. போனுக்கு எந்தக் குறையும் இல்லை.

பிரச்சினை பின் அறையில்தான். தங்கச்சி அங்கேயிருந்து பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணிதம் படிப்பிக்கிறாள். அவளுடைய கொம்பியூட்டரில் வைஃபை இல்லை. பிறின்டரும் கமரா ரெக்கோடரும் வயர்தான். அந்த மெஷ் பெட்டியில் லான் துளை (நெட்வேர்க் வயர் செருகும் இடம்) இரண்டே இருப்பதால், ஒன்றில் நெட்வேர்க் சுவிட்ச் (ஒரு துளையைப் பலவாக்கும் பெட்டி) போட்டு மூன்றையும் கொடுக்கலாம். ஆனால் பெட்டிகள் தங்களுக்குள் வைஃபையில்தான் பேசுகின்றன. கமராப் படமும் வகுப்பும் அதே வழியால் போனால் வகுப்பு இழுபடும் என்று பயம்.

அதனால் முன் பெட்டியிலிருந்து பின் அறைக்குக் கேட் 6 என்ற நெட்வேர்க் செப்புக் கேபிள் இழுக்க யோசிக்கிறேன். தூரம் 40 மீற்றர் வரும், அந்தக் கேபிளுக்குரிய 100 மீற்றர் எல்லைக்குள்தான். ஆனால் கிணற்றடியைத் தாண்டி வெளியால் போக வேண்டும். மாரியில் இங்கே இடிமின்னல் தெரியும்தானே. குழாய்க்குள் விட்ட செப்புக் கேபிள் போதுமா, அல்லது மின்சாரம் கடத்தாத ஃபைபரே நல்லதா? இப்படிச் செய்தவர்கள் சொல்லுங்கோ.

அப்புறம், அலுமினியத்தில் செப்புப் பூசாத, முழுச் செப்புக் கேபிள் யாழ்ப்பாண ரவுணில் எந்தக் கடையில் நம்பி வாங்கலாம்?