இறப்பர் பட்டியைப் பலமாகச் சுண்டினால் சுருதியும் மாறுவது ஏன்?

கல்லடி ஆசிரியை:

வணக்கம். மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) கூடினால் சுருதி உயரும், வீச்சம் (அதிர்வின் அகலம்) கூடினால் உரப்பு, அதாவது சத்தத்தின் அளவு, அதிகரிக்கும், இவ்விரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்றுதான் ஒலி பற்றிய அலகில் கற்பிக்கிறோம். இதனை வகுப்பிலே செய்து காட்டுவதற்காக மாணவர்களிடம் இறப்பர் பட்டிகளைக் கொடுத்தபோது, இரண்டு இடங்களில் பாடமும் காதும் ஒத்துப்போகவில்லை. பட்டியை இரு பெருவிரல்களிலும் மாட்டி மேலும் மேலும் இழுத்துக்கொண்டே, அருகில் இருப்பவரைச் சுண்டச் சொன்னால், இழுவிசை கூடியும் சுருதி எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை. தளர்வாக மாட்டிய பட்டியைப் பலமாகச் சுண்டினாலோ, உரப்புக் கூடுவதோடு சுருதியும் முதலில் சற்று உயர்ந்து பின்னர் இறங்குகிறது. "அப்படியென்றால் வீச்சமும் சுருதியை மாற்றுகிறதுதானே ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். தரம் 10 மாணவர்களுக்கு விளங்கும்படி இதை எவ்வாறு விளக்கலாம்? எங்கள் ஆய்வுகூடத்தில் சுரமானி (கம்பியின் நீளத்தையும் இழுவிசையையும் மாற்றிச் சுருதியைச் சோதிக்கும் கருவி) இல்லை.

அக்கரைப்பற்றுப் பௌதிகம்:

ஆசிரியை அவர்களுக்கு, அந்தப் பிள்ளையின் காது சரியாகவே கேட்டிருக்கிறது. குறை இறப்பர் பட்டியில் இருக்கிறது.

ஈர்க்கப்பட்ட இழையொன்றின் அடிப்படை மீடிறன் மூன்று கணியங்களில் தங்கியுள்ளது. நீளம் பாதியானால் மீடிறன் இருமடங்காகும். இழுவிசை நான்கு மடங்கானால் இருமடங்காகும். ஓரலகு நீளத்தின் திணிவு நான்கு மடங்கானால் பாதியாகும். பட்டியைக் கைகளால் இழுக்கும்போது இம்மூன்றும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. இழுவிசை கூடுவதும் பட்டி மெலிவதும் சுருதியை உயர்த்த முயல, அதிரும் நீளம் கூடுவது அதைக் கீழே இழுக்கிறது. பட்டி ஹூக்கின் விதிக்கு அமைகிறது, அதாவது இழுவிசை நீட்சிக்கு நேர்விகிதமானது, என்று கொண்டு கணித்தால், இயற்கை நீளத்தின் இருமடங்கிலிருந்து மும்மடங்கு வரை அதை இழுக்கும்போது மீடிறன் ஏறத்தாழ 15 சதவீதமே கூடும். அதே பட்டியை ஒரு வெறும் பெட்டியின் மீது மாட்டி, இரு விளிம்புகளுக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் சுண்டி, மிகுதியைப் பக்கவாட்டில் அதே அளவுக்கு இழுத்தால் அதிரும் நீளம் மாறாது. மீடிறன் ஏறத்தாழ 73 சதவீதம் கூடும். இந்த வேறுபாட்டுக்குக் கருவி தேவையில்லை, காதே போதும்.

இரண்டாவது விடயத்துக்கு வருவோம். பட்டியைப் பக்கவாட்டில் இழுத்து விடும்போது அது நேர்கோட்டில் இருந்ததைவிடச் சிறிதளவு நீளமாகிறது. தளர்வான பட்டியில் இழுவிசை ஏற்கெனவே குறைவாக இருப்பதால், இந்தச் சிறு நீட்சியே இழுவிசையைக் கணிசமாக உயர்த்திவிடும். வீச்சம் தேயத் தேய இழுவிசை பழைய நிலைக்குத் திரும்ப, சுருதியும் இறங்கும். ஆகவே சுருதியைத் தீர்மானிப்பது அப்போதும் மீடிறன்தான். பெரிய வீச்சம் இழுவிசை வழியாக அந்த மீடிறனை மாற்றியது, அவ்வளவே. நன்றாக முறுக்கிய உருக்குக் கம்பியை மெதுவாகச் சுண்டினால் இம்மாற்றம் காதுக்கு எட்டாது. பாடநூலில் சொல்லப்படும் விதி இத்தகைய சிறு அதிர்வுகளுக்கானது என்பதை ஒரு வரியில் மாணவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது. நாம் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை.

சுரமானி இல்லையெனில், பலகையொன்றின் ஒரு முனையில் ஆணி அடித்து மெல்லிய உருக்குக் கம்பியைக் கட்டி, மறுமுனையில் தண்ணீர்ப் போத்தல்களைத் தொங்கவிடலாம். ஒரு போத்தலில் தொடங்கி நான்கு போத்தலுக்குப் போகும்போது சுருதி ஓர் அட்டமசுரம், அதாவது கீழ்ச் சவிலிருந்து மேற் சவுக்கு, உயர வேண்டும். எல்லாப் போத்தல்களிலும் நீர் சம அளவில் இருக்கட்டும்.

மத்தளக்காரன், வாகரை:

கூத்துக்கு மத்தளம் வாசிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மாரி காலத்தில் ஈரம் ஏறித் தோல் தளர்ந்திருக்கும்போது ஓங்கி அடித்தால், நீங்கள் சொல்வதுபோலவே ஒலி உயர்ந்து தொடங்கிக் கீழே விழும். வாரை இழுத்துத் தோலை இறுக்கியபின் மெல்லத் தட்டினாலும் ஓங்கி அடித்தாலும் சுருதி நிற்கும், உரப்பு மட்டுமே மாறும். பிள்ளைகளுக்குக் காட்டுவதென்றால் உடுக்கு இன்னும் பொருத்தமானது. அம்மன் கோயில் சடங்கில் உடுக்கு அடிப்பவர் இடையிலுள்ள கயிற்றை உள்ளங்கையால் அழுத்தும்போது தோல் இறுகிச் சுருதி ஏறும், பிடியைத் தளர்த்தினால் இறங்கும். ஒரே பலத்தில் அடித்துக்கொண்டு பிடியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பின்னர் பிடியை மாற்றாமல் அடியின் பலத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

கல்லடி ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. பெட்டியில் மாட்டிய பட்டி நன்றாக வேலை செய்தது. இன்னுமொரு ஐயம்: இசைக்கவையின் (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இருபுய உலோகக் கவை) காம்பை மேசையில் ஊன்றினால் உரப்புக் கூடுகிறது. கவையின் வீச்சத்தை நாம் கூட்டவில்லையே?

அக்கரைப்பற்றுப் பௌதிகம்:

கூட்டவில்லை. கவையின் மெல்லிய புயங்கள் தம்மைச் சுற்றியுள்ள காற்றை அதிகம் தள்ளுவதில்லை. காம்பு வழியாக மேசைப்பலகையும் அதே மீடிறனில் அதிரும்போது, மிகச் சிறிய வீச்சத்திலும் அகன்ற பரப்பு நிறையக் காற்றை அசைக்கிறது. சுருதி மாறாமல் உரப்புக் கூடுகிறது. ஊன்றிய கவை கையில் பிடித்த கவையைவிட விரைவாக ஓய்ந்துவிடும் என்பதையும் மாணவர்கள் கடிகாரம் வைத்துப் பார்க்கட்டும், ஏனெனில் அதே சக்தி இப்போது வேகமாகச் செலவாகிறது.

உரப்பு வீச்சத்தில் மட்டும் தங்கியதன்று என்பதற்கு நம் காதும் ஒரு காரணம். மனிதச் செவி உணரும் 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையிலான வீச்சினுள், 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளுக்கே அது மிகக் கூர்மையாக இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி சிறகை அகலமாக அடித்தாலும் செக்கனுக்குப் பத்துத் தடவை அளவில்தான் அடிப்பதால் நமக்குக் கேட்பதில்லை. நுளம்பின் சிறகோ சில நூறு தடவை அடிப்பதால் நித்திரையைக் கெடுத்துவிடுகிறது. எனவே உரப்பை ஒப்பிடும் சோதனைகளில் எப்போதும் ஒரே சுருதியையே பயன்படுத்துங்கள்.