சென்னை – சிங்கப்பூர்: போக ஆறே முக்கால் மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரமா?

கேள்வி:
அறுபத்தெட்டு வயதாகும் என் அம்மா வரும் ஜூலையில் முதல்முறையாகத் தனியே சிங்கப்பூருக்கு வருகிறார். சென்னையில் இரவு 11.15-க்குக் கிளம்பும் விமானம் காலை 6.00-க்குச் சாங்கியில் இறங்கும் என்றும், திரும்பும்போது காலை 8.00-க்குப் புறப்பட்டு 9.30-க்கே சென்னை சேரும் என்றும் பயணச்சீட்டில் உள்ளது. "போகும்போது ராத்திரி முழுக்க, வரும்போது ஒரு படம் பார்க்கிற நேரம்கூட இல்லையா?" என்று அம்மா கேட்டதற்கு என்னால் சரியாக விளக்க முடியவில்லை. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை சாப்பிடுபவர் என்பதால், உண்மையான பயண நேரம் எனக்குத் தெரிய வேண்டும்.

மறுமொழி 1:
பயணச்சீட்டில் இருப்பவை அந்தந்த ஊரின் நேரங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், போகும்போது அதைக் கழித்தால் நாலேகால் மணி நேரமும், வரும்போது கூட்டினால் நான்கு மணி நேரமும் கிடைக்கும். அம்மாவின் கைக்கடிகாரத்தை மாற்றாமல் இந்திய நேரத்திலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். இரவு 10 மணிக்கு ஒரு மாத்திரை போட்டால் அடுத்தது அந்தக் கடிகாரத்தில் காலை 6 மணிக்கு. அப்போது சிங்கப்பூரில் 8.30 ஆகியிருக்கும், அவரும் உங்கள் வீட்டுக்கு வந்திருப்பார்.

மறுமொழி 2:
1970-களில் சிங்கப்பூரில் வேலை பார்த்த என் பெரியப்பா, இரண்டு மணி நேர வித்தியாசம்தான் என்று இன்றும் உறுதியாகச் சொல்வார். அவர் காலத்துக்கு அது சரியே. 1982 தொடக்கத்தில்தான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை மேலும் அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. தீர்க்கரேகைக் கணக்குப்படி இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 24 பாகை, அதாவது சூரியன் ஏறக்குறைய 95 நிமிடங்கள்தான் வேறுபடுகிறது. அங்கே காலை ஏழு மணிவாக்கில்தான் விடிவதற்குக் காரணம் இதுவே.

மறுமொழி 3:
இரு விமான நிலையங்களுக்கும் நேர்தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் அதை மூன்று மணி இருபத்தைந்து நிமிடங்களில் கடந்துவிடலாம். ஆனால் அட்டவணை நேரம், விமானம் நிற்குமிடத்தை விட்டு நகரும்போது தொடங்கி, இறங்கி மறுபடி நிற்கும்போதுதான் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மெல்ல உயரம் ஏறுவது, சாங்கியில் இறங்க முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

அம்மா ஜூலையில் வருவதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையில் மேற்கிலிருந்து காற்று வீசினாலும், விமானம் பறக்கும் உயரத்தில் தென்னிந்தியாவின் மேல் கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசும். இந்தக் கீழைத்தாரைக் காற்றை 1950-களில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டேஸ்வரம். கிழக்கு நோக்கி வரும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று, திரும்பும் விமானத்துக்குப் பின்காற்று. ஆகவே வரும் பயணம் சில நிமிடங்கள் நீண்டால் கலங்க வேண்டாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மாத்திரைப் பெட்டியின் மூடியில் "என் கடிகாரத்தில் காலை 6" என்று எழுதி ஒட்டும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.